குடியரசுத் தலைவர் தகுதியும் பிறப்புவழிக் குடியுரிமையும்

ஒரு நாட்டின் தலைமைப் பதவியை ஏற்பவர் பிறப்பாலேயே அந்நாட்டுக் குடிமகனாதல் வேண்டுமா என்பது அரசியல் நூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாக்களுள் ஒன்றாகும். ஐக்கிய அமெரிக்க நாட்டு அரசியலமைப்பு ‘வேண்டும்’ என விதிக்கின்றது; இந்திய அரசியலமைப்பு அங்ஙனம் விதிக்கவில்லை. இவ்வேறுபாட்டின் காரணம் யாது, தமிழ் மக்கட்கு இதன்கண் அமைந்த தொடர்பு யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. அமெரிக்க விதி

1787ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் அரசியலமைப்பு மாநாடு நடைபெற்றபொழுது, ஜான் ஜே என்பார் சூலைத் திங்கள் 25ஆம் நாள் அதன் தலைவரான வாசிங்டனுக்கு மடல் ஒன்று வரைந்தார். படைத்தலைமையைப் பிறப்புவழிக் குடிமகன் ஒருவனிடத்தன்றிப் பிறரிடத்து ஒப்புவித்தலாகாது என்பது அம்மடலின் கருத்து. புதிதாய்ப் பிறந்த நாட்டில் அயலார் கைப்புகும் அச்சமே இவ்விதியின் வேராகும். எனினும், விதியை வகுத்தோர் அதனைத் தம்மேற் பொருத்திக்கொள்ள இயலவில்லை. அவர்கள் பிரித்தானிய மன்னரின் குடிகளாகப் பிறந்தவர்கள். ஆகலின், அரசியலமைப்பு ஏற்கப்பட்ட காலத்துக் குடிமக்களாய் இருந்தோரும் தகுதியுடையர் என ஒரு விலக்குச் சேர்க்கப்பட்டது. விடுதலை அறிவிப்பிற்குப் பின் பிறந்து தலைவரானவர்களுள் முதல்வர், 1782இல் பிறந்த மார்ட்டின் வான் பியூரன் ஆவர்.

பன்னிரண்டாம் திருத்தம் இத்தகுதியைத் துணைத்தலைவர்க்கும் உரியதாக்கிற்று. இதன் விளைவை நம் காலத்து நிகழ்ச்சி ஒன்று நன்கு காட்டும். மன்னார்குடிப் பகுதியிலுள்ள துளசேந்திரபுரத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்திற் பிறந்த சியாமளா கோபாலன் அமெரிக்கா சென்று குடியேறினார். அங்கு எத்துணை ஆண்டு வாழினும் அவர் அப்பதவிக்குத் தகுதி பெற்றிரார். 1964இல் ஓக்லண்டிற் பிறந்த அவர் மகள் கமலா ஆரிசோ 2021இல் துணைத்தலைவரானார். 2024இல் தலைவர் தேர்தலிற் போட்டியிட்டார். தாயை விலக்கிய விதியே மகளை ஏற்றது.

2. உத்தரமேரூர்க் கல்வெட்டு

தகுதி வகுத்தல் தமிழகத்துக்குப் புதிதன்று. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர் வாரியங்கட்கு உறுப்பினரைக் குடவோலையால் தேரும் முறையை விரித்துரைக்கின்றன. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் வீடு, மறையறிவு ஆகியன வேண்டப்பட்டன. இரண்டாம் கல்வெட்டு 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயதை விதிக்கின்றது. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். பிறந்த ஊர் யாது என்னும் வினா அத்தகுதிகளுள் இல்லை. ஆயினும் இச்சபை அந்தணர்க்குரிய ஊரின் சபை என்பதை மறத்தலாகாது. பிறப்பு அங்கே வெளிப்படக் கூறப்படாமலே வாயிலைக் காத்து நின்றது.

3. இந்திய அரசியலமைப்பு

அரசியலமைப்பின் 58ஆம் உறுப்பு, குடியரசுத் தலைவராவார் இந்தியக் குடிமகனாயும், 35 ஆண்டு நிரம்பியவராயும், மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் தகுதியுடையவராயும் இருத்தல் வேண்டும் என்கிறது. ஊதியப் பதவி வகித்தலையும் விலக்குகிறது. குடியுரிமை எவ்வழி வந்தது என அது வினவவில்லை. ஆளுநர்க்குரிய 157ஆம் உறுப்பும் இவ்வாறே குடியுரிமையையும் 35 ஆண்டு வயதையும் மட்டும் வேண்டுகிறது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 26-1-1950 அன்று சென்னை மாநில முதலமைச்சராய் இருந்த இராசபாளையம் பி. எஸ். குமாரசாமி ராஜா, 1954இல் ஒரிசாவின் ஆளுநரானார். தெலுங்கு நாட்டினின்று பல தலைமுறைகட்கு முன் வந்து தமிழகத்தில் வேரூன்றிய குடியினர் அவர். எம்மாநிலத்தார்க்கும் குடியுரிமை ஒன்றே என்னும் கொள்கைக்கு இஃது ஏற்ற சான்றாம்.

இனி, 8ஆம் உறுப்பைக் காண்போம். தாமோ, பெற்றோருள் ஒருவரோ, பாட்டன் பாட்டியருள் ஒருவரோ 1935ஆம் ஆண்டுச் சட்டம் குறித்த இந்தியாவிற் பிறந்திருப்பின், அயல்நாட்டில் வாழ்வோர் அங்குள்ள இந்தியத் தூதரகத்திற் பதிவு செய்து இந்தியக் குடிமக்களாகலாம். சீவில்லிபுத்தூர்க்கு அணித்தாய், மேற்குமலை அடிவாரத்தில் அமைந்த கூமாப்பட்டியினின்று ஒருவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றார் எனக் கொள்வோம். அவர் பெயரன் கண்டிச்சீமையிற் பிறந்து, இவ்வுறுப்பின்வழிப் பதிவு பெறின், ஏனைய தகுதிகள் நிரம்பியவிடத்து இந்தியக் குடியரசுத் தலைவர் பதவிக்கும் உரியவனாவான். அவன் பிறந்த மண் தடையாகாது.

4. இலங்கையின் மாறுபட்ட வழி

அப்பெயரன் இலங்கைக் குடிமகனாக விரும்பின் நிலை வேறு. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மண்ணிற் பிறத்தலை மட்டும் போதுமானதாகக் கொள்ளாது, தந்தையின் பிறப்பையோ தந்தைவழி முன்னோர் பிறப்பையோ வேண்டிற்று. தோட்டத் தொழிலாளரால் அதனை ஆவணங்கொண்டு நிறுவ இயலவில்லை. 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையைக் குடிமக்கட்கே உரியதாக்கிற்று. 1947இல் வாக்களித்தோர் 1952இல் வாக்கற்றோராயினர். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாத்திரி ஒப்பந்தம் ஏறத்தாழ 9,75,000 மக்களைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இருகூறாக்கப்பட்டனர். எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி வகுத்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, வழிவந்த குடிமகன், பதிவுக் குடிமகன் என்னும் வேற்றுமையை எப்பயனுக்கும் பாராட்டலாகாது என 26ஆம் உறுப்பில் விதித்தது. ஆயின், தலைவர் பதவிக்குரிய கதவு திறந்தபொழுதும் குடியுரிமை என்னும் வெளிவாயில் பலர்க்கு அடைத்தே கிடந்தது.

5. முடிவு

பிறப்புத் தகுதியை இந்தியாவிலும் வேண்டியோர் உளர். 1999இல் சரத் பவார், சங்மா, தாரிக் அன்வர் ஆகிய மூவர், குடியரசுத் தலைவர், துணைத்தலைவர், தலைமை அமைச்சர் பதவிகள் இந்தியாவிற் பிறந்த குடிமக்கட்கே உரியவாதல் வேண்டும் என வற்புறுத்தினர். அயல்நாட்டுப் பற்று ஆட்சியைத் திரிக்கலாம் என்னும் அவர் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் நாட்டின் எல்லை மாறக்கூடியது. தலைமை அமைச்சராயிருந்த குசரால், மன்மோகன் சிங் இருவரும் பிறந்த ஊர்கள் இன்று பாக்கித்தானத்தில் உள்ளன. பிறந்த இடத்தை மட்டும் அளவுகோலாக்கின், எல்லைக்கோடு இடம்பெயர்ந்த நாட்டில் குற்றமற்றோரும் அயலாராய்க் கருதப்படுவர்.

நம் அரசியலமைப்பு அவ்வச்சத்துக்கு வேறு காவல்களை நிறுவியுள்ளது. 54ஆம் உறுப்பின்படி நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர் கூடித் தேர்தல், 60ஆம் உறுப்பின்படி உறுதிமொழி ஏற்றல், 61ஆம் உறுப்பின்படி குற்றஞ்சாட்டி நீக்குதல் ஆகியவை அவை. இவை ஒருவரின் பிறப்பை வினவாது அவர்தம் ஒழுகலாற்றை நோக்குவன. பிறப்பு ஒருவர் தேர்ந்துகொள்வதன்று. கடமை அவர் ஏற்பது. கண்டிச்சீமையில் நாடற்று நின்ற நம்மவர் வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வேறுபாட்டின் பொருள் எளிதின் விளங்கும்.