கதைத்தலும் பேசுதலும்: மட்டக்களப்பு வழக்கு ஒன்று

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் உரையாடலைக் குறிக்கும் வினை ‘கதைத்தல்’ ஆகும். ‘அவரோடு கதைத்தேன்’ என்பர். ‘அவர் என்னைப் பேசினார்’ என்றாலோ ஏசினார் என்பதே பொருள். தமிழ்நாட்டார் இதனைக் கேட்டு மயங்குதல் இயல்பே.

வித்துவான் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) இப்பிரதேசப் பேச்சின் பழைமையைப் பெருமிதத்துடன் எடுத்துரைத்தது. அப்பணி மதிப்புக்குரியது, எனினும், பழைமையைப் போற்றுவதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. ‘கதை’ வடமொழிவழி வந்தது, ‘பேசு’ தமிழ்ச்சொல். முன்னது உறவாடலுக்கும் பின்னது வசைக்கும் உரியதாயினமையைத் தூய்மைவாதம் விளக்காது.

வேற்றுமை உருபுகளை நோக்குக. கதைத்தல் ‘ஓடு’ உருபை வேண்டுகிறது. அங்கு இருவர் உளர். பேசுதல் ‘ஐ’ உருபை ஏற்கையில் கேட்பவன் செயப்படுபொருளாகிவிடுகிறான். பெருநிலக்காரரான போடியார், வயல்வேலையை முன்னின்று நடத்தும் முல்லைக்காரனைப் பேசலாம். முல்லைக்காரன் போடியாரைப் பேசுதல் எளிதன்று. நிலவுடைமையே இவ்வழக்கைப் படைத்தது என்பது மிகையாகும். தாயும் பிள்ளையைப் பேசுகிறாள். ஆனால், வயலில் அவ்வினைக்கு எழுவாயாக நின்றவர் யார் என்பது வரலாற்று வினா. ‘விலை பேசுதல்’, ‘கலியாணம் பேசுதல்’ என்பவற்றில் ஆள் அன்றி விடயமே செயப்படுபொருளாதலால், அங்கு வசைப்பொருள் இல்லை.

1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை உழவருக்குப் பாதுகாப்பளித்து, தேர்ந்தெடுக்கப்படும் பயிர்ச்செய்கைக் குழுக்களையும் வகுத்தது. சட்டத்தின் அளவிலேனும், உழவன் நிலக்காரரோடு ‘கதைக்க’ ஓர் அவை கிடைத்தது. பின்வந்த சட்டங்கள் அவ்வமைப்பை மாற்றிவிட்டன. அக்கூட்டங்களில் கதைத்தவர் எவர், பேச்சு வாங்கியவர் எவர் என்பதை முதிய உழவரின் வாய்மொழியிலிருந்து இப்போதே திரட்டியாக வேண்டும்.