வெள்ளி வற்றிய மலையின் கிறிஸ்துமஸ் ஜன்னல்கள்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், செக் நாட்டு எல்லையை ஒட்டி நீள்கிறது எர்ட்ஸ்கெபிர்கெ மலைத்தொடர். டிசம்பர் நெருங்கியதும் அங்கே வீட்டுக்கு வீடு ஜன்னலில் ஓர் அரைவட்ட வளைவு ஏறிவிடும். அதன் விளிம்பில் வரிசையாக விளக்குகள். ஷ்விப்போகன் என்று அதற்குப் பெயர். பலர் வீட்டில் வைத்திருக்கும் வடிவத்தில் மாட்டுத் தொழுவமும் இருக்காது, குழந்தை இயேசுவும் இருக்கமாட்டார். இரண்டு சுரங்கத் தொழிலாளர்கள், மரம் செதுக்கும் ஒருவர், திண்டின் முன் குனிந்து லேஸ் பின்னும் ஒரு பெண் ஆகியோரே இருப்பார்கள். பண்டிகை அலங்காரத்துக்குள் இவர்கள் வந்து சேர்ந்த வரலாறு, அந்த மலை மக்கள் பிழைத்துக் கிடந்த வரலாறும்கூட.

1168இல் ஃபிரைபெர்க் அருகே வெள்ளி கிடைத்தது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு இன்னும் மேலே, மலைக்குள் புதிய வெள்ளிப் படிவங்கள் தென்பட்டன. அதையொட்டி 1496இல் அன்னபெர்க் நகரம் எழுந்தது. ஆனால் சுரங்கத்தை நம்பிய வாழ்வு நிலையானதல்ல. தோண்டத் தோண்டச் செலவு ஏறியது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து ஸ்பெயின் கொண்டுவந்த வெள்ளி ஐரோப்பாவில் குவிந்து, உள்ளூர் வெள்ளியின் மதிப்பைக் குறைத்தது. குடும்பத்தைத் தாங்க வேறொரு வருமானம் தேவைப்பட்டது. அதைப் பெண்கள் சம்பாதித்தார்கள்.

இந்த இடத்தில்தான் அன்னபெர்க் வணிகர் பார்பரா உத்மான் வருகிறார். கணவர் 1553இல் இறந்தபோது பிள்ளைகளையும் தொழிலையும் ஒருங்கே சுமக்க வேண்டியதாயிற்று. செம்புத் தொழிலோடு பின்னல் கரை, லேஸ் வணிகத்தையும் நடத்தினார். நூலைக் கொடுத்து, பின்னியதைக் கூலி தந்து வாங்கி, வெளியூர்ச் சந்தைகளுக்கு அனுப்புவது அவர் முறை. தொள்ளாயிரம் பெண்கள் வரை அவருக்காகப் பின்னியதாகச் சொல்லப்படுகிறது. லேஸ் பின்னலையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று பிற்காலத்தார் புகழ்ந்தார்கள். வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. அன்னபெர்க் சந்தைத் திடலில் 1886இல் வைக்கப்பட்ட அவருடைய சிலை இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்துக்காக உருக்கப்பட்டது. 2002இல் மறுபடி வார்த்து நிறுத்தினார்கள்.

அந்தப் பின்னலைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். உருளை வடிவத் திண்டின் மேல், புள்ளிகள் குத்திய மாதிரி அட்டை சுற்றப்பட்டிருக்கும். நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள் சோடி சோடியாகத் தொங்கும். பின்னுகிறவரின் கை செய்வது இரண்டே அசைவுகள்: ஒரு நூலை மற்றொன்றின் மேல் குறுக்கே போடுவது, சோடியை முறுக்குவது. பின்னல் குலையாமல் குண்டூசிகள் பிடித்துக்கொள்ளும். பூவும் இலையும் நட்சத்திரமும் இந்த இரண்டு அசைவுகளிலிருந்தே பிறக்கின்றன. எர்ட்ஸ்கெபிர்கெ கட்டைகளுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. நூல் சுற்றிய பகுதியை மூடும் மரக்குழல் ஒன்று கட்டைமேல் செருகியிருக்கும். கை அழுக்கு வெள்ளை நூலில் பட்டால் கூலி போய்விடுமே!

மாலையானால் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரே வீட்டில் கூடிவிடுவார்கள். அடுப்புச் சூடும் விளக்கு வெளிச்சமும் எல்லோருக்கும் பொது. பாட்டும் ஊர்க்கதையும் அங்கே நடந்தன. அதற்காக அதை இனிமையான காட்சியாக மட்டும் நினைத்துவிடக் கூடாது. பள்ளிக்குப் போகும் வயது வராத பிள்ளைகளும் திண்டின் முன் உட்கார்ந்தார்கள். சீமான்களின் கழுத்துப்பட்டிக்கும் மேசை விரிப்புக்கும் போன லேஸ், பின்னியவர் வீட்டு மேசைக்கு ரொட்டியாகத்தான் திரும்பியது. 1809இல் இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் வலைத்துணி நெய்யும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகு அந்தக் கூலியும் மெலிந்தது.

ஆண்கள் பக்கம் கதை இருட்டைப் பற்றியது. குளிர்காலத்தில் விடியுமுன் சுரங்கத்தில் இறங்கி, அந்திக்குப் பின் மேலேறியவர்களுக்கு வெளிச்சம் என்பதே பெரிய பொருள். ஆகவே கிறிஸ்துமஸ் வந்தால் வீடு முழுக்க விளக்கு. மெழுகுவத்தி ஏந்திய மரத் தொழிலாளியும் தேவதையும் சோடியாக ஜன்னலில் நிற்பார்கள். வீட்டில் எத்தனை ஆண் பிள்ளைகளோ அத்தனை தொழிலாளிகள், எத்தனை பெண் பிள்ளைகளோ அத்தனை தேவதைகள் என்பது வழக்கம். ஷ்விப்போகனின் தொடக்கமும் 18ஆம் நூற்றாண்டில் யோஹான்கெயோர்கன்ஷ்டட் என்ற சுரங்க ஊரில்தான்; முதலில் இரும்பில் அடித்துச் செய்தார்கள்.

கனிமம் குறையக் குறைய மரம் கைகொடுத்தது. சைஃபன் கிராமத்தில் வெள்ளீயச் சுரங்கம் நொடித்தபோது கடைசல் வேலை முழுநேரப் பிழைப்பானது. அங்கே ஒரு வித்தை இன்றும் உண்டு. ஈர மரத்தை வளையமாகக் கடைவார்கள். பார்வைக்கு அது மேடுபள்ளமான வெறும் வளையம். கத்தியை வைத்துத் துண்டு துண்டாகப் பிளந்தால், ஒவ்வொரு துண்டின் வெட்டுமுகத்திலும் ஒரு குதிரையோ பசுவோ வந்துவிடும். மலிவாக நிறைய பொம்மை செய்தால்தான் சாப்பாடு என்ற நிலையில் உருவான உத்தி அது. கொட்டை உடைக்கும் மரச் சிப்பாயை 1870 வாக்கில் அதே ஊரின் வில்ஹெல்ம் ஃப்யூக்ட்னர் கடைந்தார். இன்று உலகெங்கும் கிறிஸ்துமஸ் கடைகளில் நிற்பவர்கள் அந்தச் சிப்பாயின் வழிவந்தவர்கள்.

மேற்கே, பக்கத்து ஃபோக்ட்லாந்து பகுதியின் பிளாவன் நகரம் எந்திரத்தை எதிர்க்காமல் தன்வசப்படுத்திக்கொண்டது. எம்பிராய்டரி எந்திரங்கள் 1850களின் இறுதியில் வந்தன. ஒருவர் பெரிதாக வரைந்த மாதிரியின் கோடுகள் மேல் கம்பியை நகர்த்த, நூற்றுக்கணக்கான ஊசிகள் அதே கோட்டைத் துணியில் சிறிதாகத் தைக்கும். ஊசிகளில் நூல் கோத்துக் கொடுத்தவர்களில் குழந்தைகளும் உண்டு. பிறகு, தைத்து முடித்த அடித்துணியை ரசாயனத்தில் கரைத்துவிடும் முறை வந்தது. துணி போய்விடும்; தையல் மட்டும் லேஸாக நிற்கும். 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பிளாவன் லேஸ் உயர்ந்த பரிசை வென்றது. 1912இல் நகரின் மக்கள்தொகை 1,28,000ஐத் தொட்டது. முதல் உலகப் போருக்குப் பின் உடைகளில் லேஸ் குறைய, ஊரில் வேலையின்மை தாண்டவமாடியது. 1945இல் குண்டுவீச்சு நகரின் முக்கால் பங்கை அழித்தது. அதன் பிறகும் தொழில் நின்றுவிடவில்லை. திரைச்சீலை, மேசை விரிப்பு, கிறிஸ்துமஸுக்கு ஜன்னலில் தொங்கவிடும் லேஸ் படங்கள் என்று வீட்டு அலங்காரத்தை நோக்கித் திரும்பியது.

சுரங்கத் தொழிலாளி, மரச் சிற்பி, லேஸ் பின்னும் பெண் ஆகியோரை ஒரே வளைவுக்குள் சேர்த்தவர் பவுலா யோர்டான் என்ற ஓவியர். 1937இல் ஷ்வார்ட்சன்பெர்கில் நடந்த நாட்டுப்புறக் கலைக் கண்காட்சிக்காக வரைந்தார். அது நாஜி ஆட்சிக் காலம். மண்ணின் மரபு என்று முழங்கி அரசு தன் பெருமையை வளர்த்துக்கொண்டிருந்தது. ஆட்சி எட்டு ஆண்டுகளில் வீழ்ந்தது. படத்தை மக்கள் தங்கள் முன்னோரின் உழைப்பாக ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த வளைவையே இன்று பிளாவன் எந்திரங்களும் வெள்ளை நூலில் தைத்து விற்கின்றன. கைப்பின்னலா எந்திர லேஸா என்று தெரிய ஒரு வழி உண்டு. கைப்பின்னலில் ஒரு நூலைக் கண்ணால் பிடித்தால், அது எங்கே நுழைந்து எங்கே வெளிவருகிறது என்று கடைசிவரை தொடரலாம். கரைத்தெடுத்த லேஸில் தையல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். விளிம்பில் மெல்லிய பிசிறு தெரியும். கைப்பின்னல் இப்போது பெரும்பாலும் பயிற்சி வகுப்புகளிலும் மன்றங்களிலும் பொழுதுபோக்காக வாழ்கிறது. அதற்குச் செல்லும் நேரத்துக்கு நியாயமான கூலி போட்டால் ஒரு சின்ன நட்சத்திரத்தின் விலையே எங்கோ போய்விடும். அந்த நியாயமான கூலி, அதைப் பின்னியே வயிறு வளர்த்த தலைமுறைகளுக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை.