படுக்கை நனைத்த பாலரும் 1939ஆம் ஆண்டுப் பெரும் பெயர்வும்

அரசர் முடிசூடியதையும் படைகள் எல்லை கடந்ததையும் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும். அயலார் வீட்டுப் படுக்கையை இரவில் நனைத்துவிட்டு, விடியுமுன் விழித்து அஞ்சிக் கிடந்த சிறுவனைப்பற்றி அவை பெரும்பாலும் கூறுவதில்லை. எனினும், அத்தகைய சிறுவரின் அச்சம் அரசாங்கக் கோவைகளுள் இடம்பெற்று, அமைச்சின் கவனத்தை ஈர்த்த காலமொன்று இங்கிலாந்தின் வரலாற்றில் உண்டு.

1939ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் முதலாந் திகதி வெள்ளிக்கிழமை ஜேர்மானியப் படைகள் போலந்தினுட் புகுந்தன. அன்றே பிரித்தானிய அரசாங்கம், முன்னரே வகுத்திருந்த திட்டத்தின்படி, இலண்டன் முதலான பெருநகரங்களிலிருந்து பிள்ளைகளை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பத் தொடங்கிற்று. சில நாட்களுள் ஏறத்தாழப் பதினைந்து இலட்சம் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவருள் 827,000 பேர் வரையிலானோர் பெற்றோரின்றிச் சென்ற பாடசாலைப் பிள்ளைகள். கழுத்தில் பெயர்ச்சீட்டும் தோளில் நச்சுவாயு முகமூடிப் பெட்டியும் தொங்க, ஆசிரியரின் பின்னே அணிவகுத்துப் புகையிரதமேறிய அவர்களுட் பலருக்குத் தாம் எங்கே செல்கின்றோம் என்பதும் தெரியாது. சென்றடைந்த ஊர்களில் மண்டபங்களில் நிறுத்தப்பட்டு, வீட்டுக்காரர் தெரிந்தெடுத்தபடி பங்கிடப்பட்டனர். ஒரு பிள்ளையை மட்டும் ஏற்றவருக்குக் கிழமைக்கு 10 சிலிங் 6 பென்சும், ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஏற்றவருக்குத் தலைக்கு 8 சிலிங் 6 பென்சும் வழங்கப்பட்டன. உணவுக்கும் உறைவிடத்துக்கும் கணக்கிட்ட அத்தொகையில், நாள்தோறும் துவைக்க வேண்டிய விரிப்புகளை எவரும் எண்ணிப் பார்த்திலர்.

முதலிரவு கழிந்ததும் முறைப்பாடுகள் எழுந்தன. தலையிற் பேன், கிழிந்த பாதணி, மாற்றுடையின்மை என்பவற்றோடு, நித்திரையிற் சலம் விடுதலும் ஊரூராகப் பேசப்பட்டது. அவ்விலையுதிர் காலத்திலேயே இலண்டன் வைத்தியச் சஞ்சிகைகளும் இதுபற்றி எழுதின. இத்தகைய பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கூறப்பட்ட மதிப்பீடுகளோ ஒன்றுக்கொன்று பெரிதும் முரண்பட்டன. வீட்டுக்காரரின் துயரைப் புறக்கணித்தல் நீதியன்று. மெத்தை பழுதுற்றால் மாற்று மெத்தை இல்லை. மழைநாளிற் போர்வை உலராது. துவைக்கும் உழைப்பு முழுவதும் வீட்டுப் பெண்ணின் தலையில் விழுந்தது. 1942இல் சவர்க்காரமும் பங்கீட்டுக்கு உட்பட்டது. இறப்பர் விரிப்புகள் வேண்டப்பட்டன. ஆனால் அதே ஆண்டு மலாயா யப்பானியர் கைப்பட்டதும் இறப்பரே அரும்பொருளாயிற்று. நேச நாடுகள் இலங்கைத் தோட்டங்களைப் பெரிதும் நம்பியிருக்க வேண்டிய நிலை அப்போது உண்டானதை ஈண்டு நினைவுகூரலாம்.

முறைப்பாட்டினும் கொடியது அதனோடு ஒட்டிவந்த தீர்ப்பாகும். நகரத்து ஏழைத் தாய்மார் பிள்ளைகளைப் பழக்கி வளர்க்கத் தெரியாதவர் என்றும், அப்பிள்ளைகள் சோம்பலால் எழுந்து செல்லாதவர் என்றும் பலர் முடிவு கட்டினர். அம்முடிவு பிழையென்பதற்கு அந்நாட்டிலேயே சான்றுண்டு. ஜோர்ஜ் ஓவெல் என்னும் எழுத்தாளர் தம் எட்டாம் வயதில், 1911இல், வசதியுள்ளோர் பிள்ளைகள் பயின்ற ஒரு விடுதிப் பாடசாலையிற் சேர்ந்தார். சேர்ந்த சிறிது காலத்துள் படுக்கையை நனைத்தமைக்காகத் தாம் அடிக்கப்பட்டதைப் பிற்காலத்தில் ஒரு கட்டுரையில் எழுதி வைத்தார். தன் வசத்தில் இல்லாத ஒரு செயலுக்காகத் தண்டிக்கப்படும் பிள்ளையின் திகைப்பே அக்கட்டுரையின் உயிர். அது 1952இல், அவர் இறந்தபின், அமெரிக்காவில் வெளிவந்தது. பிரித்தானியாவில் அச்சேற 1968 வரை காத்திருந்தது. ஆக, வசதியுள்ளோர் பாடசாலையிற் சேர்ந்து வீட்டைப் பிரிந்த எட்டு வயதுச் சிறுவனுக்கு நேர்ந்ததே, 1939இல் வீட்டைப் பிரிந்த ஏழைச் சிறுவனுக்கும் நேர்ந்தது. முன்னது பாடசாலைச் சுவருள் அடங்கிற்று. பின்னது ஊரறிந்த செய்தியாயிற்று.

இன்றைய வைத்தியம் இதனை மேலும் தெளிவாக்குகின்றது. ஏழு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை இரவில் படுக்கையை நனைக்கின்றனர். பெண்பிள்ளைகளினும் ஆண்பிள்ளைகளிடத்து இது மிகுதி. பெற்றோரிடத்து இருந்திருப்பின் பிள்ளைகளிடத்தும் பெரும்பாலும் காணப்படும். இரவிற் சிறுநீர் மிகுதியாகச் சுரத்தல், சிறுநீர்ப்பை போதிய அளவு கொள்ளாமை, பை நிறைந்தபோதும் ஆழ்ந்த துயிலினின்று விழிக்க இயலாமை என்பன இதன் காரணங்கள். சோம்பல் இவற்றுள் ஒன்றன்று. இதனை 827,000 என்னும் தொகையோடு பொருத்திப் பார்த்தால், போரே நிகழாதிருந்தாலும் அவருட் பல்லாயிரவர் அன்றிரவு தத்தம் வீட்டுப் படுக்கையை நனைத்தே இருப்பர் என்பது பெறப்படும். வீடுதோறும் மறைந்திருந்த ஒன்றை அயலார் ஒரே இரவிற் கண்டு திடுக்கிட்டனர் என்பதே உண்மை. இவர்களோடு, முன்னர் இப்பழக்கம் நீங்கியிருந்து, பிரிவினாலும் அச்சத்தினாலும் மீண்டும் அதற்கு ஆளானோரும் சேர்ந்தனர். புதிய வீட்டில், இருளில், முற்றத்துக்கு அப்பாலுள்ள மலகூடத்துக்குத் தனியே செல்ல அஞ்சியோரும் இருந்திருத்தல் கூடும். பல பிள்ளைகளிடம் சில வாரங்களுள் இது குறைந்ததென்பதும் கவனிக்கத்தக்கது.

நிற்க. மருந்து தேடியோர் வரலாறு நெடியது. பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் பிள்ளை வைத்திய நூலெழுதிய தோமஸ் பேயர் இதற்கெனத் தனிப்பகுதி வகுத்து, விலங்குறுப்புகளைப் பொடித்துக் கொடுக்கச் சொன்னார். 1938இல் அமெரிக்க உளவியலாளர் மோறர் தம் மனைவியாருடன், ஈரம் பட்டதும் மணியடிக்கும் விரிப்பொன்றை விவரித்தெழுதினார். அம்முறை திருத்தங்களோடு இன்றும் கைக்கொள்ளப்படுகின்றது. ஆயினும் 1939இல் பிரித்தானிய அரசாங்கம் முதலிற் கைக்கொண்ட வழி மருந்துமன்று, மணியுமன்று; தனிவிடுதியாகும். வீடுகளில் வைத்திருக்க இயலாதெனத் திருப்பப்பட்ட பிள்ளைகளுக்கென ஆங்காங்கே விடுதிகள் திறக்கப்பட்டன. ஒக்ஸ்போட் மாகாணத்து விடுதிகளில் பிள்ளை வைத்தியரும் உளப்பகுப்பாய்வாளருமான வினிக்கொற், கிளேர் பிரிற்றன் என்னும் சமூகப் பணியாளருடன் உழைத்தார். தாய் தந்தையரையும் வீட்டையும் இழந்த பிள்ளையின் நடத்தையைக் குற்றமாகவன்றி ஓர் அறிகுறியாகக் காணும் நோக்கு அவ்வுழைப்பினால் வலுப்பெற்றது. 1950இல் அரசாங்கத்தின் போர்க்காலச் சமூக வரலாற்றை எழுதிய றிச்சாட் டிற்மஸ், துயிலிற் சிறுநீர் கழித்தலுக்கு அப்பெருநூலிற் பல பக்கங்கள் ஒதுக்கியமை வியப்பன்று.

1940 சனவரியளவில், குண்டுவீச்சு இன்னும் தொடங்காமையால், பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் வீடு திரும்பிவிட்டனர். குண்டு விழுந்தபின் மீண்டும் பெயர்ந்தோரும் பலர். 1946 மார்ச்சில் திட்டம் முடிவுற்றபோதும், பெற்றோர் இறந்தமையாலோ, வீடு அழிந்தமையாலோ, அழைத்துச் செல்ல எவருமின்மையாலோ சில ஆயிரம் பிள்ளைகள் ஏற்றுக்கொண்ட ஊர்களிலேயே எஞ்சியிருந்தனர். அவ்வாண்டே வீடிழந்த பிள்ளைகளின் பராமரிப்பை ஆராய்ந்த கேட்டிஸ் குழுவின் அறிக்கை வெளிவந்தது. அக்குழுவின்முன் வினிக்கொற்றும் கிளேர் பிரிற்றனும் சாட்சியம் அளித்திருந்தனர். அறிக்கையின் வழியே 1948இல் பிள்ளைகள் சட்டம் நிறைவேறிற்று. ஒவ்வோர் உள்ளூராட்சிப் பகுதியிலும் அத்தகைய பிள்ளைகளுக்குப் பொறுப்பான அலுவலர் ஒருவர் நியமனம் பெற்றார்.