கிர்க்பாட்ரிக் மதிப்பீட்டு மாதிரி

கிர்க்பாட்ரிக் மதிப்பீட்டு மாதிரி என்பது பணியாளர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியின் பயனை நான்கு படிநிலைகளில் அளவிடும் முறையாகும். அமெரிக்காவின் விசுகான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டொனால்ட் கிர்க்பாட்ரிக் (1924–2014) இதனை உருவாக்கினார். தமது 1954 ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்த இக்கருத்தை, 1959 முதல் கட்டுரைகளாகவும் 1994 இல் நூலாகவும் வெளியிட்டார்.

படிநிலைகள்

1. எதிர்வினை: பயிற்சி பற்றிப் பங்கேற்றோர் கொண்ட கருத்து. இது பெரும்பாலும் இறுதி நாளில் வினாப்படிவம் மூலம் பெறப்படுகிறது.
2. கற்றல்: அறிவிலும் திறனிலும் ஏற்பட்ட மாற்றம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் தேர்வு நடத்தி ஒப்பிடப்படுகிறது.
3. நடத்தை: கற்றதைப் பணியிடத்தில் செயற்படுத்தும் அளவு. இது சில வாரங்களோ மாதங்களோ கழித்து நேரில் கவனித்து அறியப்படுகிறது.
4. விளைவு: உற்பத்தி, தரம், செலவு, விபத்துகள் முதலியவற்றில் நிறுவனம் காணும் மாற்றம்.

குறைகள்

முதற்படியை அளப்பது எளிது. நான்காம் படியை அளப்பது கடினம். எனவே பல நிறுவனங்கள் வினாப்படிவத்துடன் நின்றுவிடுகின்றன. ஆனால் பயிற்சியை விரும்பியோர் அனைவரும் கற்றனர் என்றோ, கற்றோர் அனைவரும் அதன்படி செயற்படுவர் என்றோ கொள்ள இயலாது. மேலாளரின் ஆதரவும் உரிய கருவிகளும் இல்லாதவிடத்துக் கற்ற திறன் பயன்படாமற் போகும். விளைவில் காணும் மாற்றம் சந்தை நிலை போன்ற பிற காரணங்களாலும் நிகழலாம். இதனைப் பிரித்தறிய, பயிற்சி பெறாத குழுவொன்றுடன் ஒப்பிடுவது துணைபுரியும். பின்னர் ஜாக் பிலிப்சு, முதலீட்டின் மீதான ஈட்டத்தை ஐந்தாம் படியாகச் சேர்த்தார்.