நாக்கு அறுபட்டவளின் பாட்டு

ஆங்கிலக் கவிதையில் நைட்டிங்கேலுக்கு ‘ஃபிலோமெல்’ என்று ஒரு பழைய பெயர் உண்டு. அந்தப் பறவை நம் பக்கம் கிடையாது. ‘இந்தியாவின் நைட்டிங்கேல்’ சரோஜினி நாயுடுவைக்கூட நாம் கவிக்குயில் ஆக்கிக்கொண்டோம். ஃபிலோமெல் காதுக்கு இனிய பெயர்தான். கதைதான் குலைநடுங்க வைக்கும்.

ஏதென்ஸ் மன்னன் பாண்டியோனுக்கு (நம் பாண்டியர்களுக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை) புரோக்னே, ஃபிலோமெலா என்று இரண்டு பெண்கள். புரோக்னேயை மணந்த திரேஸ் நாட்டரசன் தெரியஸ், கொழுந்தியாளைக் காட்டில் அடைத்துச் சீரழித்தான். வெளியே சொல்லாதிருக்க நாக்கை அறுத்தான். அவளோ தறியில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் துணியில் நெய்து அக்காளுக்கு அனுப்பிவிட்டாள். அக்காள் தான் பெற்ற மகனையே கொன்று புருஷனுக்குச் சமைத்துப் போட்டாள். வாளோடு அவன் துரத்த, மூவரும் பறவைகளானார்கள்.

கிரேக்கர் கணக்கில், மகனைக் கொன்ற தாய் புலம்பிப் பாடும் நைட்டிங்கேல், நாக்கில்லாத தங்கை வெறுமனே கீச்சிடும் தகைவிலான், தெரியஸ் கொண்டலாத்தி. கி.மு. 414இல் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் ‘பறவைகள்’ நாடகத்திலும் கொண்டலாத்தியின் மனைவி புரோக்னேதான். ரோமானியர்கள் இதை மாற்றினார்கள். குஞ்சுகளைப் பறிகொடுத்துக் கதறும் நைட்டிங்கேலை வெர்ஜில் ஃபிலோமெலா என்றார். ஓவிட் மட்டும் பிடிகொடுக்கவில்லை: ஒருத்தி காட்டுக்குப் பறந்தாள், மற்றவள் கூரைக்கு என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

தர்க்கம் கிரேக்கர் பக்கம். ஆனாலும் என் ஓட்டு ரோமானியருக்கே. பேச்சைப் பறிகொடுத்தவளுக்குக் காட்டையே நிறைக்கும் குரல் கிடைத்தால்தானே நியாயம்? லத்தீன் படித்து வளர்ந்த ஆங்கிலக் கவிகளும் அவளையே பிடித்துக்கொண்டார்கள். ஷேக்ஸ்பியரின் ‘டைட்டஸ் அண்ட்ரோனிக்கஸ்’ கயவர்கள் இந்தக் கதையிலிருந்து பாடம் படித்தவர்கள்: லவீனியாவின் நாக்கோடு கைகளையும் வெட்டிவிடுகிறார்கள், நெய்து காட்டிவிடக் கூடாதே என்று! அவளோ மேடையிலேயே ஓவிட்டின் நூலைப் புரட்டி, ஃபிலோமெலா கதையைக் காட்டித் தன் கதையைச் சொல்லிவிடுகிறாள்.

1798இல் கோல்ரிட்ஜ், இந்தப் பறவையிடம் சோகமே இல்லை, எல்லாம் மனிதன் ஏற்றிவைத்தது என்று கவிதை எழுதினார். 1819இல் கீட்ஸ் எழுதிய புகழ்பெற்ற நைட்டிங்கேல் கவிதையில் ஃபிலோமெல் என்ற பெயரே வராது. உண்மையில் இரவில் பாடி இணையை அழைப்பது ஆண் பறவை. பெயரும் இன்று இடம் மாறிவிட்டது: 1831இல் ஜெர்மானியப் பறவையியலாளர் பிரெம், ஐரோப்பாவின் பாடும் பூங்குருவிக்கு ‘டர்டஸ் ஃபிலோமெலோஸ்’ என்று பெயர் வைத்தார். அறிவியல் ஏட்டில் நைட்டிங்கேல் ‘லஸ்சினியா’தான்.