ஒரே இளஞ்சிவப்பு ஜெர்சி, இரண்டு தீர்ப்புகள்

2011 மே மாதக் கடைசியில், மிலான் நகரில், ஸ்பெயின் வீரர் ஆல்பெர்டோ கோண்டடோர் ஜிரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயத்தின் இளஞ்சிவப்பு ஜெர்சியை அணிந்து மேடையேறினார். 2018 மே மாதக் கடைசியில், ரோம் நகரில், பிரிட்டன் வீரர் கிறிஸ் ஃப்ரூம் அதே ஜெர்சியை அணிந்தார். அந்த வெற்றி நாளில் இருவர் மீதும் ஊக்கமருந்து வழக்கு முடியாமல் கிடந்தது. ஃப்ரூமின் பட்டம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. கோண்டடோரின் பட்டம் அடுத்த ஆண்டே மிக்கேலே ஸ்கார்போனிக்குப் போனது. அதைப் பறித்தது அந்த ஜிரோவில் நடந்த எதுவும் அல்ல. பத்து மாதங்களுக்கு முன் பிரான்சில் அவர் கொடுத்திருந்த ஒரு சிறுநீர் மாதிரி.

2010 டூர் டி பிரான்ஸின் ஓய்வு நாளில் எடுத்த அந்த மாதிரியில் தடைசெய்யப்பட்ட கிளென்பியூட்டரால் என்ற மருந்து இருந்தது. அளவு, மில்லி லிட்டருக்கு 50 பிகோகிராம். அதாவது ஒரு கிராமை இரண்டாயிரம் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. ஸ்பெயினிலிருந்து வந்த மாட்டிறைச்சியில் கலந்திருக்கும் என்றார் கோண்டடோர். ஃப்ரூமின் மாதிரி ஸ்பெயினின் 2017 வுவெல்டா பந்தயத்தில் எடுத்தது. ஆஸ்துமா இன்ஹேலரில் இருக்கும் சால்பூட்டமால் அதில் மில்லி லிட்டருக்கு 2,000 நானோகிராம் இருந்தது. அனுமதித்த வரம்போ 1,000.

இரண்டும் வெவ்வேறு மருந்துகள். அளவை அளவோடு நிறுத்துப் பார்ப்பதில் பொருளில்லை. நிறுத்துப் பார்க்க வேண்டியது சட்டம் அவற்றை வைத்திருந்த இடத்தை. கிளென்பியூட்டராலுக்கு அன்று கீழ்வரம்பே கிடையாது. துளி இருந்தாலும் குற்றம். எப்படி வந்தது என்று காட்டும் பொறுப்பு வீரருடையது. சால்பூட்டமாலோ நோயாளிக்கு அனுமதித்த மருந்து. வரம்பு மீறினால் விளக்கம் கேட்பார்கள், உடனடித் தடை கட்டாயமில்லை. அதனால்தான் கோண்டடோர் 2010 ஆகஸ்டிலேயே தற்காலிகத் தடைக்கு ஆளானார். ஃப்ரூம் ஒரு நாளும் தடையில் இருக்கவில்லை.

கோண்டடோரை ஸ்பெயின் சைக்கிள் சம்மேளனம் 2011 பிப்ரவரியில் விடுவித்தது. சர்வதேச சைக்கிள் சங்கமும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையும் மேல்முறையீட்டுக்குப் போயின. விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2012 பிப்ரவரி 6 அன்று முன்தேதியிட்டு இரண்டாண்டுத் தடை விதித்தது. அவர் வேண்டுமென்றே மருந்து எடுத்தார் என்று நடுவர்கள் சொல்லவில்லை. இறைச்சி வாதத்தையும், ரத்தமேற்றல் வழியாக வந்திருக்கலாம் என்ற எதிர்த்தரப்புச் சந்தேகத்தையும் நம்பாமல், கலப்படமான ஊட்டப்பொருள் வழியாக வந்திருக்கவே கூடுதல் வாய்ப்பு என்றார்கள். ஆனாலும் 2010 டூர், 2011 ஜிரோ இரண்டும் போயின.

ஃப்ரூமின் வழக்கு ரகசியமாக நடந்திருக்க வேண்டியது; பத்திரிகைகள் 2017 டிசம்பரில் அதை வெளியிட்டன. 2018 டூர் தொடங்க ஐந்து நாள் இருக்கையில், ஜூலை 2 அன்று, சர்வதேச சங்கம் வழக்கை முடித்துக்கொண்டது. உடலில் நீர் வற்றியிருந்ததைக் கணக்கில் எடுத்தபோது அளவு 1,429 ஆகக் குறைந்தது. அவருடைய அன்றைய நிலையைச் சோதனைக்கூடத்தில் மீண்டும் உருவாக்க முடியாது என்பதையும் முகமை ஏற்றது. ஆனால் 2014 ஜிரோவில் 1,900 நானோகிராம் சால்பூட்டமாலோடு பிடிபட்ட இத்தாலி வீரர் டியேகோ உலிசியை நினைத்தால் மனம் சமாதானம் கொள்வதில்லை. கவனக்குறைவுதான் என்று ஏற்ற பிறகும் அவருக்கு ஒன்பது மாதத் தடை. ஒரே மருந்து, நெருங்கிய அளவு, ஆனால் முடிவு நேர் எதிர்.

பின்வாழ்க்கையைப் பார்த்தால் தண்டனை பெற்றவரே எழுந்து நின்றார். தடை முடிந்த மறுமாதமே கோண்டடோர் 2012 வுவெல்டாவை வென்றார். 2014 வுவெல்டா, 2015 ஜிரோ என்று தொடர்ந்தார். டூர் மட்டும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. விடுதலையான ஃப்ரூம் 2018 டூரில் மூன்றாவதாக வந்தார். 2019 ஜூனில் ஒரு கோர விபத்தில் எலும்புகள் நொறுங்க, பழைய வலு மீளவேயில்லை. பெரிய தடையும் முழு விடுதலையும் ஒரு வீரரின் எதிர்காலத்தை முடிவு செய்துவிடுவதில்லை. இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட சந்தேகம்.

அந்தச் சந்தேகத்தை வளர்த்ததில் காலத்துக்கும் பங்குண்டு. கோண்டடோருக்குத் தீர்ப்பு வர பதினெட்டு மாதங்களுக்கு மேல் ஆனது. ஃப்ரூமுக்கு ஏறக்குறைய பத்து மாதம். காத்திருந்தவர்கள் அவர்கள் மட்டுமல்ல. 2010 டூரை 39 விநாடியில் இழந்த ஆண்டி ஷ்லெக்குக்கு மஞ்சள் ஜெர்சி கிடைத்தது 2012இல், பாரிஸ் மேடை இல்லாமல். ஃப்ரூமுக்கே, ஹுவான் ஹோசே கோபோவிடமிருந்து பறித்த 2011 வுவெல்டா பட்டம் எட்டு ஆண்டு கழித்துத்தான் வந்தது.

இப்போது கிளென்பியூட்டரால் மில்லி லிட்டருக்கு 5 நானோகிராமுக்குள் இருந்தால், இறைச்சிக் கலப்படமா என்று முதலில் விசாரிக்கிறார்கள். கோண்டடோரிடம் இருந்தது அதில் நூறில் ஒரு பங்கு. விதி திருந்தியதை மனமார வரவேற்கிறேன். அடுத்துத் திருந்த வேண்டியது நாட்காட்டி. முந்தைய பந்தயத்தின் வழக்கு முடிந்த பிறகே அடுத்த பந்தயத்தின் கொடி அசைய வேண்டும். அப்போதுதான் மேடையில் அணிவிக்கும் ஜெர்சியை மறுநாளும் நம்பலாம்.