பின்சக்கர பிரேக் பட்டை மாற்றுதல்

பின்சக்கர பிரேக் பட்டை மாற்றுதல் என்பது மகிழுந்தின் (கார்) பின்சக்கர வட்டு பிரேக்குகளில் தேய்ந்துபோன உராய்வுப் பட்டைகளை (பிரேக் பேட்) நீக்கிப் புதியவற்றைப் பொருத்தும் பராமரிப்புப் பணியாகும். தகுந்த கருவிகள் இருப்பின் இதனை வீட்டிலேயே செய்யலாம். பெரும்பாலான மகிழுந்துகளில் கை பிரேக்கும் பின்சக்கரங்களிலேயே இயங்குவதால், முன்சக்கரப் பட்டைகளை மாற்றும் முறை இங்கு அப்படியே பொருந்துவதில்லை.

அமைப்பு

ஒவ்வொரு சக்கரத்திலும் வட்டின் இருபுறமும் ஒவ்வொரு பட்டை உண்டு. பிரேக் மிதியை அழுத்தும்போது திரவ அழுத்தத்தால் காலிப்பரிலுள்ள பிஸ்டன் வெளித்தள்ளப்பட்டு, பட்டைகள் வட்டை நெருக்குகின்றன. பட்டை தேயத் தேய பிஸ்டன் மேலும் வெளியே வந்து நிற்கும். எனவே தடித்த புதிய பட்டையைப் பொருத்துவதற்கு முன் பிஸ்டனை உள்ளே செலுத்த வேண்டும். உராய்வுப் பொருளின் தடிமன் சுமார் 3 மி.மீ. ஆகக் குறைந்தால் பட்டைகளை மாற்றுவது வழக்கம்.

செய்முறை

1. சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கை பிரேக்கை விடுவிக்க வேண்டும்.
2. சக்கர நட்டுகளைச் சற்றுத் தளர்த்தியபின் ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்புதல் ஆபத்தானது.
3. சக்கரத்தையும் காலிப்பரையும் கழற்ற வேண்டும். காலிப்பரை பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும்.
4. பிஸ்டனை உள்ளே செலுத்தி, புதிய பட்டைகளைப் பொருத்த வேண்டும். பட்டையிலோ வட்டிலோ எண்ணெய்ப் பசை படக்கூடாது.
5. மறுபக்கச் சக்கரத்திலும் அவ்வாறே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இரு சக்கரங்களின் பிடிப்பும் சமமாக இராது.

பிஸ்டனைச் செலுத்தும் முறை

கம்பிவட கை பிரேக் காலிப்பரிலேயே இணைந்திருந்தால், பிஸ்டனுக்குள் ஒரு திருகு அமைப்பு இருக்கும். அதனை அழுத்தியபடியே சுழற்ற வேண்டும். வலிந்து நெருக்கினால் உள்ளமைப்பு உடையக்கூடும். மின்னணுக் கை பிரேக் உள்ள வண்டிகளில், கையேடு கூறும் முறைப்படி முதலில் அதனைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

பாதுகாப்பு

பிரேக் தூசியை ஊதக்கூடாது; ஈரத்துணியால் துடைக்கலாம். பணி முடிந்ததும் வண்டியை நகர்த்துமுன், பிரேக் மிதி கடினமாகும் வரை பலமுறை அழுத்த வேண்டும். இதனைத் தவறவிட்டால் பிஸ்டனுக்கும் பட்டைக்கும் இடைவெளி இருப்பதால் முதல் அழுத்தத்தில் வண்டி நிற்காது. பின்னர் திரவ அளவைச் சரிபார்த்து, குறைந்த வேகத்தில் ஓட்டிச் சோதிக்க வேண்டும்.